ஒரு பீட்டுக்கு ஐந்து காவலர்

நேயர்களுக்கு வணக்கம்.

ஒரு கணக்கோடு தொடங்குகிறேன். ஒரு பீட், அதாவது ஒரு காவலர் சுற்றிவரும் பகுதி; அதற்கு ஒரு ரோந்து வாகனம், அதில் ஒரே ஒரு காவலர். அந்த வாகனம் இரவும் பகலும், தீபாவளியன்றும் மழை வெள்ளத்தன்றும் தெருவில் இருந்தாக வேண்டும். அதற்கு எத்தனை பேர் தேவை? எட்டு மணி நேர ஷிப்ட் மூன்று, ஆகவே மூன்று பேர் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். ஓர் ஆண்டுக்கு 8,760 மணி நேரம். வார ஓய்வு, விடுப்பு, உடல்நலக் குறைவு, பயிற்சி, நீதிமன்றத்தில் சாட்சி சொல்லப் போகும் நாள் எல்லாவற்றையும் கழித்தால், ஒரு காவலர் உண்மையில் தெருவில் இருக்கக்கூடியது 1,700 அல்லது 1,800 மணி நேரம்தான். வகுத்துப் பாருங்கள், ஐந்து பேர் வருகிறார்கள். ரோந்தைப் பற்றிப் பேசும் எவரும் இந்த ஐந்தை மறக்கக் கூடாது.

காவல் நிர்வாகத்தைக் கல்லூரியில் கற்பிப்பவன் நான். மாணவர்களுக்கு முதலில் சென்னையைக் காட்டுவதில்லை. நம் அமைப்பு மிகப் பெரியது; அதற்குள் ரோந்து எங்கே இருக்கிறது என்று தேடுவதற்குள் வகுப்பு முடிந்துவிடும். அதனால் அமெரிக்காவின் ஒரு சிறு நகரத்தைக் கரும்பலகையில் வரைவேன். அந்த நாட்டில் ஏறத்தாழ 18,000 தனித்தனிக் காவல் அமைப்புகள் இருக்கின்றன. பெரும்பாலானவை மிகச் சிறியவை. பாதியளவு அமைப்புகளில் பத்து பேர்கூட இல்லை. நகராட்சிதான் காவல்துறைக்குச் சம்பளம் கொடுக்கிறது, தலைவரை நியமிக்கிறது. மாநிலம் முழுவதற்கும் ஒரே காவல்துறை, ஒரே தேர்வு வாரியம் என்று பழகிய நமக்கு இது வியப்பாகத்தான் இருக்கும்.

ஐம்பது, அறுபது பேர் கொண்ட ஒரு துறையில் பாதிக்கு மேற்பட்டவர்கள் ரோந்துப் பிரிவில்தான் இருப்பார்கள். மேலே ஒரு கேப்டன் அல்லது லெப்டினன்ட். அவருக்குக் கீழே ஷிப்டுக்கு ஒரு சார்ஜண்ட். ஒவ்வொரு சார்ஜண்டிடமும் ஆறேழு காவலர்கள். பல ஊர்களில் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட்தான் நடைமுறை. பகலுக்கு இரண்டு அணி, இரவுக்கு இரண்டு அணி. இரண்டு நாள் வேலை, இரண்டு நாள் ஓய்வு, மூன்று நாள் வேலை. அடுத்த வாரம் அது அப்படியே தலைகீழாகும். பதினான்கு நாளில் ஏழு ஷிப்ட், ஒன்றுவிட்டு ஒரு வார இறுதி வீட்டில். குடும்பத்துக்கு இது நல்லதுதான், உடம்புக்கு அல்ல. அங்கே நடந்த ஆய்வில் பத்து மணி நேர ஷிப்டில் இருந்தவர்களுக்கே வீட்டில் அதிகத் தூக்கம் கிடைத்தது; பன்னிரண்டு மணி நேரக்காரர்களிடம் களைப்பு கூடுதலாக இருந்தது.

ஷிப்ட் தொடங்கும்போது எல்லோரும் ஓர் அறையில் கூடுவார்கள். நேற்றிரவு எங்கே என்ன நடந்தது, எந்த வாகனம் திருடு போயிருக்கிறது, எந்த வீட்டில் கணவன் மனைவி தகராறு முற்றிக்கொண்டிருக்கிறது என்று சார்ஜண்ட் வாசிப்பார். பிறகு ஒவ்வொருவரும் தம் பகுதிக்குப் போவார்கள். அழைப்பு எதுவானாலும், குற்றமோ விபத்தோ காணாமல் போன முதியவரோ, முதலில் போய் நிற்பது ரோந்துக் காவலர்தான். துப்பறிவாளர் வருவது அதன் பிறகு. ஆகவே முதல் அறிக்கை சரியாக இல்லையென்றால் வழக்கே நிற்காது. துறையிலேயே இளையவரின் கையில் துறையின் மிக முக்கியமான பொழுது இருக்கிறது. பக்கத்தில் ஒரு சார்ஜண்ட் இருந்தே ஆக வேண்டியது இதனால்தான்.

ரோந்து சுற்றினால் குற்றம் குறையுமா? கன்சாஸ் சிட்டியில் 1972, 1973ஆம் ஆண்டுகளில் பதினைந்து பீட்களை எடுத்துக்கொண்டு சோதித்தார்கள். ஐந்தில் வழக்கமான ரோந்து. இன்னோர் ஐந்தில் ரோந்தை இரண்டு, மூன்று மடங்காக்கினார்கள். மீதி ஐந்தில் அழைத்தால் மட்டும் வாகனம் போகும், மற்றபடி சுற்றுவதில்லை. ஓராண்டு கழித்துப் பார்த்தால் குற்றத்திலும் மக்களின் அச்சத்திலும் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. நியூஜெர்சி மாநிலத்தின் நியூவர்க் நகரில் காவலர்களை நடந்து போகச் சொன்னார்கள். அங்கேயும் குற்றம் குறையவில்லை. ஆனால் மக்கள் அதைக் கவனித்தார்கள், பயம் குறைந்தது என்றார்கள். இலக்கில்லாமல் ஓடும் வண்டியால் பயனில்லை, முகம் தெரிந்த காவலரால் பயன் உண்டு என்றே இவ்விரண்டையும் நான் படிக்கிறேன்.

இப்போது சென்னைக்கு வருவோம். 2022 ஜனவரி முதல் சென்னை, தாம்பரம், ஆவடி என்று மூன்று ஆணையரகங்கள். ஆணையரிலிருந்து துணை ஆணையர், உதவி ஆணையர் என்று இறங்கி வந்தால் காவல் நிலையம். அங்கே சட்டம் ஒழுங்குக்கு ஓர் ஆய்வாளர், குற்றப்பிரிவுக்கு ஓர் ஆய்வாளர்; போக்குவரத்து தனி. ரோந்து என்று தனிப் பிரிவு நிலையத்தில் இல்லை. பாரா பார்ப்பவர், எழுத்தருக்கு உதவுபவர், சம்மன் கொடுக்கப் போகிறவர், பாஸ்போர்ட் விசாரணைக்குப் போகிறவர் எல்லோரும் ஒரே பட்டியலில்தான் இருக்கிறார்கள். அந்தப் பட்டியலில் மிச்சம் இருப்பவருக்கே பீட்.

இரவு பீட்டைப் பார்த்திருப்பீர்கள். ஏடிஎம் வாசலில், நகைக்கடை ஷட்டருக்குப் பக்கத்தில், காவலர் வந்து போனதைப் பதிய ஆணியில் கயிறு கட்டித் தொங்கும் பட்டா புத்தகம். காவலர் பைக்கை நிறுத்துகிறார், ஹெல்மெட்டைக் கழற்றாமலே செல்பேசி வெளிச்சத்தில் நேரத்தை எழுதிக் கையெழுத்துப் போடுகிறார், பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்க்கிறார், போய்விடுகிறார். அவர் வந்தார் என்பதற்கு அது சாட்சி. வந்தவர் எதைப் பார்த்தார், நேற்றைக்கும் இன்றைக்கும் அந்தத் தெருவில் என்ன மாறியிருக்கிறது என்பதை எழுத அதில் இடமே இல்லை. கையெழுத்து செல்பேசிச் செயலிக்கு மாறினாலும் இந்தக் குறை மாறாது.

இதைவிடப் பெரிய சிக்கல் பந்தோபஸ்து. சேப்பாக்கத்தில் கிரிக்கெட், மயிலாப்பூரில் அறுபத்துமூவர், மெரினாவில் காணும் பொங்கல், முக்கியப் பிரமுகர் வருகை என்று எது வந்தாலும் நிலையங்களிலிருந்து ஆள் எடுக்கிறார்கள். ஆயுதப்படை இருக்கிறது, போதுவதில்லை. வெயிலில் பகல் முழுதும் தடுப்புக்குப் பக்கத்தில் நின்றவர், அன்றிரவே பீட்டுக்கும் போகிறார். 2021இல் காவலர்களுக்கு வார ஓய்வு தர அரசு ஆணையிட்டது. வெகு காலம் கேட்டுப் பெற்ற உரிமை அது. பந்தோபஸ்து வந்தால் முதலில் தள்ளிப்போவதும் அதுதான் என்று காவலர்களின் வீட்டார் சொல்லக் கேட்கும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை.

நான் கேட்பது இதுதான். ஒவ்வொரு நிலையத்திலும் பீட்டுக்கென்று சிலரைப் பெயர் சொல்லி ஒதுக்க வேண்டும். குறைந்தது ஓராண்டு அவர்களை அந்தத் தெருக்களிலிருந்து மாற்றக் கூடாது. பந்தோபஸ்துப் பட்டியல் போடும்போது அவர்கள் பெயரைத் தொடக் கூடாது. ஒரு பீட்டுக்கு ஐந்து பேர் என்ற கணக்கை நிதிநிலை அறிக்கை எழுதும்போதே போட்டுவிட வேண்டும். அவர்கள் எல்லோருக்கும் பொறுப்பாக ஓர் உதவி ஆய்வாளர் வேண்டும், அவருக்கு வேறு வேலை எதுவும் கூடாது.

நேயர்கள் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியூர் போகும்போது நிலையத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். கொடுக்கும்போது உங்கள் தெருவின் பீட் காவலர் யார் என்று பெயரைக் கேளுங்கள். பெயர் சொல்ல முடியாமல் எழுத்தர் தயங்கினால், ஊர் திரும்பிய பிறகு இன்னொரு முறை போய்க் கேளுங்கள்.

வணக்கம்.