1 வருடம் 7 நாள்

நேயர்களுக்கு வணக்கம்.

எண்பதுகளில் எங்கள் வீடு அயனாவரத்தில் இருந்தது. ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறப்பதற்கு ஒரு வாரம் முன்னால், அம்மா என்னை மட்டும் கூட்டிக்கொண்டு புரசைவாக்கத்தில் இருந்த ஓர் அடகுக்கடைக்கு நடப்பார். எங்கள் தெருமுனையிலேயே வேறோர் அடகுக்கடை உண்டு. ஆனால் அங்கே போனால் தெருவுக்கே தெரிந்துவிடும். அதனால் பின் சந்து வழியாகத்தான் வெளியே போவோம்.

முந்தின ராத்திரியே செயினைக் கழற்றி, தாலியை மஞ்சள் கயிற்றில் கோத்துக் கட்டியிருப்பார். செயின் சுருக்குப் பையில், பை இடுப்பில்.

மூன்று தலைமுறையாக நடந்த கடை, அந்தப் புரசைவாக்கம் கடை. கம்பிக் கதவுக்குப் பின்னால் வெள்ளை விரிப்பு போட்ட மெத்தை, திண்டு, சுவரோரம் ஆள் உயர இரும்புப் பெட்டி. மகன் சிவப்புத் துணி அட்டை போட்ட நீளக் கணக்குப் புத்தகத்தில் எழுதுவார், பேரன் எடை போடுவான். பெரியவர்தான் நகையைக் கையில் வாங்குவார். சினிமாவில் சேட்டு என்றாலே கொச்சைத் தமிழ் பேச வைத்துவிடுகிறார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு. அவருடைய அப்பா காலத்திலேயே ராஜஸ்தானிலிருந்து வந்த குடும்பம். "இன்னாம்மா, பசங்களுக்கு ஸ்கூல் தொறக்கிறாங்களா?" என்று நம் சென்னைத் தமிழில்தான் கேட்பார்.

அப்புறம் உரைகல். கறுப்புக் கல்லில் செயினை ஒரு தேய்ப்பு தேய்த்தால் மெல்லிசாக ஒரு பொன் கோடு விழும். கண்ணாடிக் குச்சியால் அதன்மேல் ஒரு சொட்டு திராவகம் வைப்பார். கோடு நின்றால் நல்ல தங்கம், மங்கினால் கலப்படம். வருஷா வருஷம் வருகிற அதே செயின்தான், ஆனாலும் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். தேய்த்துத் தேய்த்துக் கொக்கிக்குப் பக்கத்தில் ஒரு கண்ணி தட்டையாகவே ஆகிவிட்டது.

முதல் மாத வட்டியைப் பிடித்துக்கொண்டு மீதிப் பணம் தருவார்கள், கூடவே அடகுச் சீட்டு. இந்தக் கடைகளுக்கென்று 1943-லேயே சட்டம் வந்துவிட்டது. சீட்டு கொடுக்காமல் பொருளை வாங்கி வைக்கக் கூடாது. அந்தச் சீட்டு என் கைக்குத்தான் வரும். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எடை, தொகை, வட்டி, கடைசியில் நகையை மீட்கக் கெடுவாக "1 வருடம் 7 நாள்" என்ற வரி, எல்லாவற்றையும் சத்தமாக வாசிப்பேன். அம்மா விரல்விட்டு மாதங்களை எண்ணுவார். பெரியவரும் அதுவரை பேசாமல் காத்திருப்பார்.

கெடு தாண்டினால் நகை "மூழ்கிப் போச்சு" என்பார்கள். கடைக்குப் பின்னால் ஒரு கிணறு இருக்கிறது, அதில்தான் போடுகிறார்கள் என்று ரொம்ப நாள் நம்பியிருந்தேன். அம்மாவின் வளையல் ஒரு வருஷம் அப்படித்தான் போனது. அன்றைக்கு அம்மா சாப்பிடவில்லை.

செயின் மட்டும் மூழ்கவே இல்லை. தீபாவளி நெருங்கும்போது அப்பாவுக்கு போனஸ் வரும். வட்டியும் அசலும் கட்டி முடித்ததும் பெரியவர் செயினைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கொடுப்பார். அம்மா அங்கேயே திரும்பி நின்று கயிற்றை அவிழ்த்துத் தாலியைச் செயினில் கோத்துக்கொள்வார். கயிறு கிடந்த இடத்தில் கழுத்தில் மஞ்சள் கறை மட்டும் இருக்கும்.

அன்றைக்குப் பின் சந்து வழியாக வரமாட்டோம். தெருமுனை வழியாக, அந்த அடகுக்கடை வாசலைத் தாண்டி, மெதுவாக நடந்து வீட்டுக்கு வருவோம்.