ஃபிளிப்பர் வெட்டிய வாய்க்கால்

அனைவருக்கும் வணக்கம்.

ஹென்றி ஃபிளிப்பர் 1856-ல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் அடிமையாகப் பிறந்தவர். 1877-ல் வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். அங்கே படித்து முடித்த முதல் கறுப்பினத்தவர் அவர்தான். நான்கு வருடமும் வெள்ளை மாணவர்கள் வெளிப்படையாக அவரோடு பேச்சு வைத்துக்கொள்ளவில்லை. ஒரு நாள் வீட்டில் யாரும் நம்மோடு பேசாவிட்டாலே நமக்குச் சோறு இறங்காது!

பத்தாம் குதிரைப்படையில் லெப்டினன்ட் ஆனார். ஃபோர்ட் சில் முகாமைச் சுற்றி மழைநீர் குட்டை குட்டையாகத் தேங்கி நிற்கும், வீரர்களுக்கு மலேரியா. கொசுதான் அதைப் பரப்புகிறது என்று அன்றைக்கு யாரும் நிரூபித்திருக்கவில்லை. தேங்கிய தண்ணீரிலிருந்து வரும் கெட்ட காற்று என்றே நம்பினார்கள். ஃபிளிப்பர் மட்டம் பார்த்து ஒரு வாய்க்கால் வெட்டினார். தண்ணீர் வடிந்தது, காய்ச்சலும் குறைந்தது. காரணம் தெரியாமலே சரியான வைத்தியம்! அந்த வாய்க்கால் இன்று தேசிய வரலாற்றுச் சின்னம்.

அப்புறம் டெக்சாஸ், ஃபோர்ட் டேவிஸ். உணவுக் கிடங்குக் கணக்கு அவர் பொறுப்பு. பணத்தைத் தன் அறையில் ஒரு பெட்டியில் வைத்திருந்தார். 1881-ல் கணக்கு பார்த்தால் பணம் குறைகிறது. பயந்துபோய் அதை மறைத்தார். மேலதிகாரி கர்னல் ஷாஃப்டரிடம் பொய் சொன்னார். அது தவறுதான், நான் மழுப்பப்போவதில்லை. ஆனால் ஊர்க்காரர்கள் வசூல் செய்து முழுப் பணத்தையும் கட்டிவிட்டார்கள். ராணுவ நீதிமன்றமே கையாடல் குற்றத்திலிருந்து அவரை விடுவித்தது. இருந்தும், அதிகாரிக்குத் தகாத நடத்தை என்று சொல்லி 1882-ல் பணிநீக்கம் செய்தார்கள். ஒரு பொய்க்கு இவ்வளவு பெரிய விலையா? என் மனசு இன்றும் ஏற்க மறுக்கிறது.

பிறகு மெக்சிகோவில் நில அளவை, அமெரிக்க நீதித்துறைக்கு நிலப் பத்திர ஆய்வு, வெனிசுவேலாவில் எண்ணெய் நிறுவன வேலை. பெயரைத் துடைக்க நாடாளுமன்றத்துக்குத் திரும்பத் திரும்ப மனு போட்டார். உயிரோடிருந்தவரை நடக்கவில்லை. 1976-ல்தான் ராணுவம் அந்தத் தண்டனை மிகக் கடுமையானது, அநீதியானது என்று ஒப்புக்கொண்டது. 1999-ல் அதிபர் கிளின்டன் மன்னிப்பு வழங்கினார்.

ஃபிளிப்பர் 1940-ல் அட்லாண்டாவில், தம்பி வீட்டில் இறந்தார். இறப்புச் சான்றிதழில் தொழில் என்ற இடத்தில் தம்பி எழுதியது: ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி.