முட்டுக்காரப் பிள்ளையும் முதுகு தடவும் கையும்

நேயர்களுக்கு வணக்கம்.

வீட்டில் ஒருவருக்கு முட்டு, அதாவது ஆஸ்துமா, இழுக்கிற இரவு எப்படி இருக்கும் என்று உங்களில் பலருக்கு நான் சொல்லத் தேவையில்லை. கார்த்திகை, மார்கழிக் கொழும்பு. மழைக்கு யன்னலைச் சாத்தி, நுளம்புத்திரியையும் கொளுத்தியாயிற்று. நடுச்சாமத்தில் பிள்ளை எழும்பிக் கட்டிலில் குந்திக்கொண்டு இழுக்கிறது. அந்த நேரம் வீட்டுப் பெரியவரின் கை தானாகவே அதன் முதுகுக்குப் போகும். அந்தக் கையைப் பற்றித்தான் பேச வந்தேன். பல காலமாக இந்த நகரத்தில் இயன்மருத்துவராக, அதாவது பிசியோதெரபிஸ்டாக, வேலை செய்கிறேன். அந்தக் கையால் என்ன முடியும், என்ன முடியாது என்பதில் இன்னும் நிறையக் குழப்பம் இருக்கிறது.

முதலில் முடியாததைச் சொல்லிவிடுகிறேன். ஆஸ்துமாவில் நுரையீரலுக்குள் உள்ள சின்னக் காற்றுக் குழாய்களின் உட்சுவர் வீங்குகிறது, அவற்றைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது, சளியும் சேர்ந்து அடைக்கிறது. அந்தத் தசை விலா எலும்புக்கு உள்ளே, ஆழத்தில் இருக்கிறது. எந்த விரலும் எந்த எண்ணெயும் அங்கே போய்ச் சேராது. அதை உடனே தளர்த்துவது நீலப் பம்ப், அதாவது நீல நிற இன்ஹேலர். வீக்கத்தை ஆற்றுவது டொக்டர் தினமும் இழுக்கச் சொன்ன மற்றப் பம்ப்.

சரி, பிறகு ஏன் தடவுகிறோம்? கழுத்தின் பக்கவாட்டில், காறை எலும்புக்குச் சற்று மேலே இரண்டு விரலை வையுங்கள். மூக்கால் சுர்ரென்று ஒரு தரம் உறிஞ்சுங்கள். விரலுக்குக் கீழே ஒன்று இறுகி எழும்புகிறதா? சாதாரண மூச்சுக்கு அந்தத் தசைக்குப் பெரிய வேலை இல்லை. முட்டு வந்தால், உள்ளே போன காற்று முழுதாக வெளியே வராமல் தேங்கிவிடும். நெஞ்சுக்கூடு விரிந்தபடியே நிற்கும். அதற்கு மேலும் மூச்செடுக்க, கழுத்தும் தோளும் சேர்ந்து விலாவைத் தூக்க வேண்டும், மணிக்கணக்காக. அடுத்த நாள் அந்த இடமெல்லாம் மா இடித்த கை மாதிரி வலிக்கும். அந்த வலிக்கும் இறுக்கத்துக்கும், அதோடு வருகிற பயத்துக்கும்தான் கை உதவுகிறது. திரும்பவும் சொல்கிறேன்: குழாய்க்கு அல்ல, அதைச் சுற்றிக் களைத்துப்போன உடம்புக்கு.

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு அம்மம்மா வந்திருந்தார். கூடவே மகளும், எட்டு வயதுப் பேரனும். மூன்று பேரும் ஆளோடு ஆள் கோபம். "பிள்ளை, நாலு பிள்ளையளை இந்தக் கையாலதான் வளர்த்தனான். இவ என்னைத் தொட விடுறா இல்லை" என்றார் அம்மம்மா. மகள் சொன்னார்: "மிஸ், அம்மா தேய்ச்சா சுகமாக் கிடக்கு, பம்ப் வேண்டாம் எண்டுறான்." இரண்டு பேர் சொன்னதும் உண்மை. "எப்படித் தேய்க்கிறனீங்கள் அம்மா, காட்டுங்கோ" என்றேன். பையிலிருந்து தைல டப்பாவை எடுத்தார். மூடி திறந்ததும் பிள்ளை முகத்தைத் திருப்பி இருமினான். அதை அவரும் கண்டார். கடுமையான வாசனை சிலருக்கு முட்டைத் தூண்டிவிடும், தேய்த்து முடித்துப் பூசுகிற பவுடர்த் தூளும் அப்படித்தான். தைலத்தை மூடி வைத்துவிட்டு இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் கொடுத்தேன். பிள்ளையைக் கதிரையில் திருப்பி இருத்தி, முன்னால் தலையணையில் சாயவிட்டோம். அம்மம்மா அவசரப்படவில்லை. பிடரியிலிருந்து தோள் நுனி வரைக்கும், பிறகு தோள்பட்டைக்கு நடுவே, உள்ளங்கையால் மெதுவாக. காதோடு ஏறி நின்ற தோள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. நான் படித்து வந்ததை விட அந்தக் கைக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. ஒழுங்கை மட்டும் மாற்றினோம்: இரவில் தாய் பம்ப் கொடுப்பது, வாயைக் கொப்பளிப்பது, அதற்குப் பிறகுதான் அம்மம்மாவின் முறை. அடுத்த தரம் வந்தபோது பிள்ளையே எனக்குச் சொன்னான், பம்ப் இழுக்காமல் தேய்க்கக் கூடாதாம்.

இதை ஆராய்ந்தும் பார்த்திருக்கிறார்கள். 1998இல் வெளியான ஒரு கனடா ஆய்வில், வழமையான மருந்தில் இருந்த 91 பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்குக் கையால் முதுகெலும்பை அழுத்திச் சொடுக்கிவிடும் உண்மையான சிகிச்சை (கைரோபிரக்டிக்), மற்றவர்களுக்கு அதுபோலத் தோன்றும் ஒன்று. இரு பக்கத்திலும் முட்டுத் தொல்லை குறைந்தது, நீலப் பம்பின் தேவையும் குறைந்தது. ஆனால் இரு பக்கத்துக்கும் வித்தியாசம் இல்லை, கருவியில் ஊதி மூச்சின் வேகத்தைப் பார்க்கும் அளவில் பெரிய மாற்றமும் இல்லை. ஆகவே முதுகெலும்பை முறித்துவிட்டால் ஆஸ்துமா போகும் என்று யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள். அதே வருடம் மயாமியில் 32 பிள்ளைகளை வைத்து இன்னொரு ஆய்வு: ஒரு பகுதியினருக்குப் பெற்றோரே படுக்குமுன் 20 நிமிடம், 30 நாள் தடவிவிட்டார்கள், மற்றவர்களுக்கு உடம்பைத் தளர்த்தும் பயிற்சி. தடவப்பட்டவர்களில் சிறிய பிள்ளைகளுக்குப் பதற்றம் குறைந்தது, ஊதும் அளவும் கூடியது. வளர்ந்த பிள்ளைகளுக்கு அவ்வளவு இல்லை. சின்ன ஆய்வுதான், அதை வைத்துப் பெரிய வாக்குறுதி தர மாட்டேன். ஆனால் தடவியது தாயும் தகப்பனும் என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். கட்டணமில்லாத கை அது.

பெரியவர்களுக்கு ஒன்று. ஸ்டீரொயிட் குளிசை நீண்ட காலம் எடுத்தவர்களுக்கு எலும்பு பலம் குறைந்திருக்கலாம். அவர்களின் முதுகில் ஏறி மிதிப்பது, அமத்துவது, நெட்டி முறிப்பது எதுவும் வேண்டாம்.

மூச்சுப் பயிற்சியைப் பற்றியும் விரிவாகச் சொல்ல இருந்தேன், நேரம் முடிகிறது என்று கண்ணாடிக்கு அப்பாலிருந்து கை காட்டுகிறார்கள். இதையாவது சொல்லிவிடுகிறேன்: முட்டு கடுமையாக இருக்கும்போது தேய்க்கப் படுக்க வைக்காதீர்கள். நிமிர்ந்து இருத்தி, நீலப் பம்பைக் கொடுங்கள். அதற்கும் தணியாவிட்டால், ஒரு வசனத்தைச் சொல்லி முடிக்க முடியாமல் திணறினால், உதடு நீலம் பாரித்தால், 1990க்கு எடுங்கள். அம்புலன்ஸ் வரும், காசில்லை. நன்றி, வணக்கம்.