சிங்கம் தூங்கட்டும்

நடுவர் அவர்களுக்கும் நைரோபித் தமிழ்ச் சொந்தங்களுக்கும் வணக்கம். சஃபாரிப் பயணத்தால் காட்டுக்கு நன்மையா, தொல்லையா? நன்மையே என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தோழி ஒன்று கேட்டார். "மசாய் மாரா சரணாலயம் வரைக்கும் காசைக் கொட்டிப் போய் எதைப் பார்த்தீங்க? தூங்குற சிங்கத்தை! அதுக்கு அவ்வளவு தூரம் எதுக்கு? என் வீட்டுக்காரர் சோபாவில் தூங்குறார், வந்து இலவசமாப் பாருங்க!" அரங்கம் அதிர்ந்தது. நடுவரே கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். சரி, எழுதி வந்த தாளை மடித்து வைத்துவிட்டேன். அந்தத் தூக்கத்துக்கே பதில் சொல்கிறேன்.

போன ஆகஸ்டில் மதுரையிலிருந்து என் மாமியார் வந்திருந்தார். 68 வயது. மாராவுக்குக் கூட்டிப் போனோம். காலை பத்து மணி. சுற்றிலும் ஒரு மரம்கூட இல்லாத புல்வெளி. தூரத்தில் யானைக் கூட்டம் போகிறது, வண்டியை நிறுத்திப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். பக்கத்துப் புல்லுக்குள்ளிருந்து ஒரு பெண் சிங்கம் எழுந்தது. நேரே எங்களைப் பார்த்து நடந்து வந்தது. அத்தை என் கையைப் பிடித்தார். என் வளையல் என் கையிலேயே பதிந்துபோகும் அளவுக்குப் பிடித்தார்.

சிங்கம் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றியது. எந்தப் பக்கம் நிழல் என்று பார்த்தது. அத்தை உட்கார்ந்திருந்த கதவுக்குக் கீழே, வண்டி நிழலில், தொப்பென்று படுத்தது. தூங்கிவிட்டது!

எங்கள் ஓட்டுநர் மசாய் என்ற உள்ளூர் இனத்து இளைஞர். இஞ்சினைத் தொடவே இல்லை. "போலே போலே" என்றார். மெதுவாக, பொறுமையாக என்று அர்த்தம். அப்புறம் கீழே எட்டிப் பார்த்து, வீட்டுப் பிள்ளையிடம் சொல்வதுபோல் சொன்னார், "லாலா சலாமா." நிம்மதியாகத் தூங்கு.

அரை மணி ஆயிற்று. ஒரு மணி ஆயிற்று. வெயில் ஏற ஏற நிழல் சுருங்குகிறது. நிழல் சுருங்கச் சுருங்க, சிங்கம் கண்ணைத் திறக்காமலேயே வண்டியை ஒட்டி ஒட்டி நகர்கிறது. கடைசியில் அதன் முதுகு டயரில் உரசியது. என் பையனுக்குத் தும்மல் வந்தது. வண்டிக்குள் இருந்த அத்தனை கையும் அவன் மூக்குக்குப் போனது! அத்தைக்குப் பசி. பையில் இருப்பதோ மதுரை முறுக்கு. முறுக்கைச் சத்தமில்லாமல் சாப்பிட முடியுமா, நீங்களே சொல்லுங்கள்? அத்தை சாப்பிட்டார். ஒவ்வொரு விள்ளலாக வாயில் போட்டு, ஊறவைத்து, ஒரு முறுக்கை முக்கால் மணி நேரம் சாப்பிட்டார்.

பன்னிரண்டு மணிக்குப் பக்கத்தில் சிங்கம் எழுந்தது, கொட்டாவி விட்டது, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டது. இன்று மதுரையில் அத்தை இந்தக் கதையைச் சொன்னால் சிங்கம் கதவைத் தட்டுகிறது. நேற்று போனில் கேட்டேன், முறுக்கையும் வாங்கிச் சாப்பிட்டுவிட்டது! ஆனால் அவர் கொஞ்சமும் கூட்டாமல் சொல்வது ஒன்று உண்டு. "அது எங்களை நம்பித் தூங்குச்சு."

தோழி, உங்கள் கேலிக்குப் பதில் அங்கேதான் இருக்கிறது. 1909இல் தியோடர் ரூஸ்வெல்ட் அமெரிக்க அதிபர் பதவியை விட்டு இறங்கிய கையோடு மொம்பாசாவுக்கு வந்தார். அவரும் மகனும் சேர்ந்து சுட்ட உயிர்கள் 512. அவற்றில் சிங்கம் மட்டும் 17. அந்தப் பயணத்துக்கும் சஃபாரி என்றுதான் பெயர். ஸ்வாஹிலியில் சஃபாரி என்றால் வெறும் பயணம். துப்பாக்கியோடு போனாலும் அதே சொல், கேமராவோடு போனாலும் அதே சொல். 1977இல் கென்யா வேட்டையைத் தடை செய்தது. அதற்குப் பிறகு நம்மைப் போல வந்து, பார்த்து, சும்மா திரும்பிப் போன ஒவ்வொரு வண்டியும் சேர்ந்துதான் அந்தச் சிங்கத்துக்கு இந்தத் தூக்கத்தைக் கொடுத்தது. சிங்கம் ஒரு நாளில் இருபது மணி நேரம்கூடத் தூங்கும், சரிதான். ஆனால் மனிதன் காலடியில் தூங்குகிறதே, அதைப் பார்க்க எத்தனை தூரமும் போகலாம்!

ஒரு சிவிங்கிப் புலியை முப்பது வண்டிகள் வளைக்கின்றன என்றார் எதிரணியில் இன்னொருவர். உண்மை, அது பாவம். ஒரு விலங்கைச் சுற்றி ஐந்து வண்டிக்கு மேல் நிற்கக் கூடாது என்று விதியே இருக்கிறது, அதை மீறுகிறவரை நானும் திட்டுகிறேன். 1959இல் இன்றைய தான்சானியாவின் செரெங்கெட்டி பூங்காவிலிருந்து மசாய் மக்களை வெளியேற்றியதையும் சொன்னார். அதற்கு என்னிடம் சமாதானம் இல்லை. ஆனால் இன்று மாராவைச் சுற்றி மசாய் குடும்பங்கள் தங்கள் நிலத்தைக் காட்டுயிர்களுக்கு விட்டு, மாத வாடகை வாங்குகிறார்கள். எங்கள் ஓட்டுநரின் அப்பாவும் வாங்குகிறார். 2020இல் விமானங்கள் நின்றதும் அந்த வாடகை குறைந்தது. நாம் வராவிட்டால் யாருக்கு வலிக்கும் என்று அவரைக் கேளுங்கள்.

மணி அடிக்கிறீர்கள் ஐயா, முடிக்கிறேன்.

அதே பயணத்தில் அத்தையை நன்யூகி ஊருக்குப் பக்கத்தில் ஓல் பெஜெட்டா காட்டுயிர்க் காப்பகத்துக்குக் கூட்டிப் போனோம். வடக்கு வெள்ளைக் காண்டாமிருகத்தின் கடைசி ஆண் அங்கேதான் வாழ்ந்தது. பெயர் சூடான். 2018 மார்ச் 19 அன்று, 45 வயதில் போய்ச் சேர்ந்தது. அதன் மகள் நாஜின், பேத்தி ஃபாத்து. உலகத்திலேயே அந்த இனத்தில் மிச்சம் அந்த இரண்டே பேர், இரண்டும் பெண். துப்பாக்கி ஏந்திய காவலர்கள் இரவும் பகலும் நிற்கிறார்கள். அந்தக் காவலர் சம்பளத்தில் நாம் வாங்கிய நுழைவுச்சீட்டும் இருக்கிறது. அம்மாவும் மகளும் பக்கத்தில் பக்கத்தில் நின்று புல் மேய்ந்துகொண்டிருந்தன. அத்தை ஒன்றும் பேசவில்லை.

திரும்பும் வழியில் ஒரு மரத்தடியில் நினைவுக் கற்கள். கொம்புக்காகக் கொல்லப்பட்ட காண்டாமிருகங்களுக்கு. சூடானுக்கும் அங்கே ஒரு கல். அத்தை செருப்பைக் கழற்றினார். நான் அந்தக் கல்லில் இருப்பதைப் படித்துச் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவர் என்னிடம் திரும்பி, "ஏம்மா, அன்னிக்கு அந்தத் தம்பி சிங்கத்துக்குச் சொன்னாரே, அது என்ன?" என்றார்.

நான் சொன்னேன். அவர் குனிந்து, கல்லைத் தொட்டு, மதுரைத் தமிழ் வாசத்தோடு ஸ்வாஹிலியில் சொன்னார்.

"லாலா சலாமா, சாமி."

நன்றி, வணக்கம்.