மணி சரி, நேரம் தப்பு: சந்தேகங்களுக்கு விளக்கம்

கடலூர் முதுநகரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "சார், புது சர்வரில் அலுவலக மென்பொருளைப் போட்டு, லாகினை கெர்பரோஸுக்கு (நெட்வொர்க்கில் ஆளைச் சரிபார்க்கும் ஒரு முறை) மாற்றினேன். டெஸ்ட் கனெக்‌ஷன் பட்டன் பச்சை காட்டுகிறது. ஆனால் ஒருவரையும் உள்ளே விடவில்லை. முதலில் கடிகாரத்தைப் பாருங்கள் என்பீர்கள். பார்த்துவிட்டேன், சரியாகத்தான் இருக்கிறது."

கடைசி வரியைப் படித்ததும் சிரித்துவிட்டேன். நானும் இப்படிச் சொன்னவன்தான்.

2011 டிசம்பர் 30, தானே புயல். அடுத்த வாரம் கடலூரில் ஓர் அலுவலகம். ஜெனரேட்டர் போட்டு, நனைந்த சர்வருக்குப் பதில் வேறொன்றை வைத்தோம். இன்டர்நெட் கிடையாது. கைக்கடிகாரத்தைப் பார்த்து நானே நேரத்தை அடித்தேன், காலை 10:40. ஒருவராலும் உள்ளே போக முடியவில்லை. முதலாளி எல்லோரையும் பாஸ்வேர்டு மாற்றச் சொல்லிவிட்டார். சாப்பாட்டுக்கு அப்புறம்தான் கண்ணில் பட்டது: டைம் ஸோன் அமெரிக்க மேற்குக் கரையில் கிடக்கிறது. சர்வர் கணக்கில் அது அந்த ஊர் 10:40. 13½ மணி நேரம் முன்னால் ஓடிக்கொண்டிருக்கிறது. கெர்பரோஸ் வழக்கமாகப் பொறுத்துக்கொள்ளும் நேர வித்தியாசம் 5 நிமிடம்!

எங்கள் பாண்டிச்சேரியில் இதை விளக்கவே வேண்டாம். தெருவுக்கு ஒருவர் பிரான்சில் இருக்கிறார். அங்கே மதியம் 12 என்றால் இங்கே குளிர்காலத்தில் 4:30, கோடையில் 3:30. போனில் இரண்டு பேரும் பேசுவது ஒரே நேரத்தில்தானே? கெர்பரோஸ் அந்த ஒரே கணத்தைத்தான் பார்க்கும், திரையில் தெரியும் மணியை அல்ல.

பச்சை ஏன் வந்தது? அந்தப் பட்டன் பெரும்பாலும் எல்டாப் (பயனர் பட்டியலைக் கேட்டுப் பார்க்கும் முறை) வழியாக, 389ஆம் போர்ட்டில் (நெட்வொர்க் வாசல் எண்) பாஸ்வேர்டைக் கொடுத்துப் பார்க்கும். மணி என்ன என்று அது கேட்பதே இல்லை.

ஆனால் தம்பி, நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு. ஆளைச் சரிபார்க்க மணி எதற்கு? கெர்பரோஸில் பாஸ்வேர்டு நெட்வொர்க்கில் போவதே இல்லை. உங்கள் கணினி டிக்கெட்டோடு (லாகின் செய்ததும் கிடைக்கும் அனுமதிச் சீட்டு) அப்போதைய நேரத்தையும் பூட்டி அனுப்பும். சர்வர் திறந்து தன் கடிகாரத்தோடு ஒப்பிடும். நடுவில் எவனாவது நகலெடுத்து அரை மணி கழித்து அனுப்பினால் செல்லாது. காலையில் கிழித்த பஸ் டிக்கெட்டை சாயங்காலக் கண்டக்டரிடம் நீட்டிப் பாருங்கள், தெரியும்.

சரி, உங்கள் வேலை. முதலில் ஸோனை இந்திய நேரத்துக்கு மாற்றுங்கள். பட்டப்பகலில் நள்ளிரவு காட்டலாம், உள்ளே இருந்த தப்பு அப்போதுதான் வெளியே தெரியும், பயப்படாதீர்கள். அப்புறம் நேரத்தை டொமைன் கன்ட்ரோலரிடமிருந்தே (எல்லோருடைய லாகினையும் சரிபார்க்கும் தலைமை சர்வர்) எடுக்கும்படி வையுங்கள், போர்ட் 123 திறந்திருக்க வேண்டும். எல்லோரையும் ஒருமுறை லாக் ஆஃப் செய்து வரச் சொல்லுங்கள், புது டிக்கெட் கிடைக்கும்.

பாஸ்வேர்டில் கை வைக்காதீர்கள். அன்றைக்கு மாற்றியதில் மூன்று பேர் புதுசை மறந்துபோய், அதற்கு மட்டும் எனக்கு இன்னொரு நாள் போனது.