கதையின் பின்பக்கம்

(நூலக வாரத்தையொட்டி ஒரு கிளை நூலகத்தின் வாசகர் வட்டத்தில் பேசியது)

அனைவருக்கும் வணக்கம். தம்பி, மைக்கைக் கொஞ்சம் இறக்குங்கள். போதும்.

‘வாசிப்பும் வயதும்’ என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். வாசிப்பைப் பற்றிப் பேச என்னைவிடப் பெரிய ஆட்கள் இருக்கிறார்கள். வயதைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி உண்டு. தை பிறந்தால் எழுபத்திரண்டு.

எனக்கு வயதாகிறது என்பதை முதலில் சொன்னது ஒரு ரயில்வே கால அட்டவணை. கையை எவ்வளவு நீட்டிப் பிடித்தாலும் வண்டி எட்டு மணிக்கா ஒன்பது மணிக்கா என்று தெரியவில்லை. வெள்ளெழுத்து. என் பாட்டி அதைச் சாளேசரம் என்பாள். நாற்பதைக் குறிக்கும் உருதுச் சொல்லிலிருந்து வந்த பெயர். கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் வருஷத்துக்கு வருஷம் விறைத்துப்போகிறது, கிட்டப் பார்வைக்கு வளைந்துகொடுக்க மாட்டேன் என்கிறது. கண்ணாடி போட்டேன். வாசிக்கும் வேகம் குறைந்தது. வேகம் குறைந்ததும் என் நோட்டு நின்றுபோனது.

அந்த நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். இருபது வயதிலிருந்து, படித்த புத்தகங்களை எண் போட்டு எழுதிவந்தேன். முப்பது முடிவதற்குள் அறுநூறைத் தாண்டிவிட்டது. யாராவது இலக்கியம் பேச வந்தால், அந்த எண்ணிக்கையை எப்படியாவது பேச்சுக்குள் நுழைத்துவிடுவேன். இப்போது நினைத்தால் கூசுகிறது.

பட்டியல் போட்டு மாட்டிக்கொண்ட பெரியவர் ஒருவர் உண்டு. 1880 அக்டோபர். கும்பகோணத்துக்குச் சேலம் இராமசுவாமி முதலியார் முன்சீப்பாக வந்திருக்கிறார். அவரைப் பார்க்கப் போகிறார் உ.வே.சாமிநாதையர். வயது 25, கல்லூரித் தமிழாசிரியர். என்ன படித்திருக்கிறீர்கள் என்று முன்சீப் கேட்க, இவர் அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், உலா, கோவை என்று அடுக்குகிறார். கேட்டவர் முகத்தில் ஈ ஆடவில்லை. இதையெல்லாம் படித்து என்ன பிரயோசனம், சிந்தாமணி படித்ததுண்டா, சிலப்பதிகாரம் படித்ததுண்டா என்கிறார். பட்டியல் அங்கேயே படுத்துவிட்டது. அப்புறம் சிந்தாமணியோடு மல்லுக்கட்டினார்; அது அச்சாகி வந்தது 1887இல்.

எனக்கு இதில் பிடித்தது வேறு. இதை அவர் எழுதியது எப்போது? 1940இல் ஆனந்த விகடனில் தன் வரலாற்றைத் தொடராகத் தொடங்கியபோது அவருக்கு எண்பத்தைந்து நெருங்கிக்கொண்டிருந்தது. அறுபது வருஷத்துக்கு முன் பட்ட சூடு. அதை மூடி மறைக்கவில்லை. தான் ஒப்பித்த பட்டியலையும் விடாமல் எழுதிவைக்கிறார். நாற்பது வயதில் இப்படி எழுதியிருப்பாரா? எனக்குச் சந்தேகம்தான். தொடர் முற்றுப்பெறுவதற்குள், 1942 ஏப்ரலில் காலமாகிவிட்டார்.

சரி, என் வீட்டுக்கு வருகிறேன். அந்தக் காலத்தில் வார இதழில் வரும் தொடர்கதையைக் கிழித்துச் சேர்த்து, முடிந்ததும் பைண்டு செய்து வைப்பார்கள். கல்கியில் 1950 முதல் 1954 வரை வந்த பொன்னியின் செல்வன் எத்தனையோ வீடுகளில் அப்படித்தான் புத்தகமானது. என் அம்மாவிடமும் இன்னொரு இதழின் தொடர் ஒன்று உண்டு. நான் கைக்குழந்தையாக இருந்து நடக்கப் பழகிய காலத்தில் சேர்த்தது. பழுப்பேறிய தாள், பசை மணம், நடுவில் ராமபாணப் பூச்சி போட்ட ஓட்டை ஒன்று ஐம்பது பக்கத்துக்கு நேராக இறங்கும்.

போன வருஷம் பரணிலிருந்து அதை இறக்கினேன். பன்னிரண்டு வயதில் மூன்று நாளில் முடித்த கதை. இப்போது நாற்பது பக்கம் தாண்டவில்லை. கதாநாயகி எதற்கெடுத்தாலும் மயங்கி விழுகிறாள். மூடி வைக்கப் போனபோதுதான் தாள்களின் பின்பக்கம் கண்ணில் பட்டது. கூந்தல் தைல விளம்பரம், அரிசி விலை பற்றி ஒரு வாசகர் கடிதம், சிரிப்பு வரும் இடத்துக்கு முன்பே கிழிபட்ட துணுக்கு. சிறுவயதில் இதையெல்லாம் தாண்டித் தாண்டி ஓடியிருக்கிறேன். இந்த முறை ஒன்று விடாமல் படித்தேன். ஓரத்தில் பென்சிலில் அம்மாவின் சலவைக் கணக்கு: வேட்டி ஆறு, புடவை நாலு, தலையணை உறை இரண்டு. ஓர் அத்தியாயத்தின் தலைப்புக்கு மேலே, “சின்னவனுக்கு ஜுரம். படிக்கவில்லை.” அந்தச் சின்னவன் நான்தான். இந்த வரிக்கு நேர்கீழே இருந்த கதையை நான் எத்தனை தடவை படித்திருப்பேன்!

நோட்டில் இந்தப் புத்தகத்துக்கு எண் 1. முடித்த தேதிகூடப் போட்டிருக்கிறேன்.

என் புத்தகங்களைப் பிள்ளைகள் கேட்கவில்லை. அதில் எனக்கு வருத்தமும் இல்லை. இந்த நூலகத்துக்குக் கொஞ்சம் கொடுத்துவிட்டேன். நாம் கட்டும் சொத்துவரியோடு ரூபாய்க்குப் பத்து காசு நூலக வரி போகிறது. அதை ஞாபகம் வைத்துக்கொண்டு உரிமையோடு வந்து படியுங்கள். அம்மாவின் பைண்டை மட்டும் கொடுக்கவில்லை. அதில் எனக்கு ஒரு வேலை பாக்கி இருக்கிறது.

கடைசிக்கு முந்தைய அத்தியாயத்தின் பின்பக்கம் வடுமாங்காய்க் குறிப்பு ஒன்று. வடுவைக் கழுவித் துடைத்து, விளக்கெண்ணெய் புரட்டி, கல்லுப்புப் போட்டு, தினமும் குலுக்கி, நாலாம் நாள், என்பதோடு தாள் முடிகிறது. மீதி அடுத்த பக்கத்தில் இருந்திருக்கும். அதில் கதை இல்லை, அதனால் அம்மா எடுத்துவைக்கவில்லை. வருகிற மாசியில் வடு வரும். நாலாம் நாள் என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்தவர்கள், கூட்டம் முடிந்ததும் என்னைக் கொஞ்சம் பாருங்கள்.