மனம் எதுவரை மருந்து?

(கோத்தகிரியில் நடந்த கூட்டமொன்றில் ஓய்வுபெற்ற மருத்துவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களுக்கும், இலை எடை போட்ட கையோடு நேரே இங்கு வந்திருக்கும் சகோதரிகளுக்கும் என் வணக்கம்.

தியானம் உடம்பைக் காக்குமா, நல்லெண்ணம் நோயைத் தீர்க்குமா என்பது எனக்குக் கொடுத்த தலைப்பு. இதையே சமவெளியில் பேசியிருந்தால், நீலகிரிக்குப் போய் நாலு நாள் உட்கார்ந்தால் மனம் தானே அடங்கிவிடும் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். சுற்றுலா வருகிறவர்களுக்கு அது பொருந்தலாம். பச்சைத் தேயிலை விலை இறங்குவதையும், உறைபனியில் கொழுந்து கருகுவதையும், விடியற்காலையில் பாதையை மறித்துக் காட்டெருமை நிற்பதையும் பார்த்து வாழும் நமக்கு, மனம் அலைவதைப் பற்றி வெளியூர்க்காரர் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த அலைச்சல் உடம்புக்குள் எந்த வழியாக இறங்குகிறது என்பதை மட்டும் நான் சொல்கிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன், ஒரு டிசம்பர் மாதத்தில், இலை பறிக்கும் அம்மா ஒருவர் தலைவலி என்று மருந்தகத்துக்கு வந்தார். மேட்டில் ஏறி வந்த மூச்சிரைப்பு அடங்குவதற்குள் கம்பளிச் சட்டையின் கையை மேலே சுருட்டி, ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைக் கட்டிவிட்டார்கள். 170/100 என்று காட்டியது. சுருட்டிய கம்பளி மேற்கையைக் கயிறு போல இறுக்கிக்கொண்டிருந்தது. அதைக் கழற்றச் சொல்லி, முதுகைச் சாய்த்துப் பாதங்களைத் தரையில் ஊன்றிப் பத்து நிமிடம் பேசாமல் இருக்கச் சொன்னேன். மறுபடி பார்த்தபோது 148/90. மருந்து எதுவும் கொடுக்கவில்லை. இதில் மனம் அமைதியடைந்ததன் பங்கு எவ்வளவு, ஏறிவந்த களைப்பு ஆறியது எவ்வளவு, கம்பளி கழன்றது எவ்வளவு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. 'தியானம் செய்தேன், அழுத்தம் இறங்கிவிட்டது' என்று மேடைகளில் கேட்கும் கதைகளில் பலவும் இந்த வகையைச் சேர்ந்தவை என்பது என் அபிப்பிராயம். குளிர்காலத்தில் ரத்தக் குழாய்கள் சுருங்குவதால் அழுத்தம் சற்றுக் கூடுவதும் இயல்பு.

அதற்காக, மனதுக்கும் உடம்புக்கும் தொடர்பே இல்லை என்று சொல்ல வரவில்லை. காட்டெருமை எதிரே நிற்கும்போது சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி வேலை செய்கிறது. நெஞ்சு படபடக்கிறது, தசைகள் முறுக்கேறுகின்றன, செரிமானம் நின்றுபோகிறது. அது உயிர் காக்கும் ஏற்பாடு. கடன் தவணையை நினைத்து இரவு முழுவதும், மாதக்கணக்கில், உடம்பு அதே ஆயத்த நிலையில் கிடந்தால் அதுவே கேடாகிறது. மறதி நோய் கண்ட உறவினரை வீட்டில் வைத்துப் பராமரித்த பெண்கள் 13 பேரையும், அத்தகைய பொறுப்பில்லாத 13 பெண்களையும் அமெரிக்காவில் ஜேனிஸ் கீகோல்ட்-கிளேசர் என்ற ஆய்வாளர் ஒப்பிட்டார். எல்லோர் தோலிலும் 3.5 மில்லிமீட்டர் அளவில் ஒரு சிறு காயம் ஏற்படுத்தி, அது ஆறுவதைக் கவனித்தார்கள். பராமரித்த பெண்களுக்கு ஆற ஏறக்குறைய ஒன்பது நாள் கூடுதலாயிற்று. 1995-ல் இது வெளியானது. படுத்த படுக்கையான மாமியாரைப் பார்த்துக்கொண்டு தோட்ட வேலைக்கும் போகிறவர்கள் இந்த அவையிலேயே இருக்கிறீர்கள். உங்கள் களைப்பு வெறும் மனப்பிரமை என்று யாராவது சொன்னால் இந்த ஆய்வைச் சொல்லுங்கள்.

இனி தியானத்துக்கு வருகிறேன். இதயத்தை மெல்லத் துடி என்று சொன்னால் அது கேட்காது, குடலும் கேட்காது. மூச்சு மட்டும் தானாகவும் நடக்கும், நாம் சொன்னாலும் கேட்கும். மூச்சை நீளமாக வெளியே விடும்போது, மூளையடியிலிருந்து நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இறங்கும் வேகஸ் நரம்பின் வழியாக இதயத் துடிப்பு தணிகிறது. இத்தாலியில் லூசியானோ பெர்னார்டி குழுவினர் 23 பேரை லத்தீன் மொழியில் ஜெபமாலை சொல்லவும், 'ஓம் மணி பத்மே' மந்திரத்தை உச்சரிக்கவும் வைத்து அளந்தார்கள். இரண்டிலுமே மூச்சு நிமிடத்துக்கு ஆறு என்ற அளவுக்கு இறங்கியது. ரத்த அழுத்தத்தைச் சீராக வைத்திருக்கும் அனிச்சைச் செயலும் கூர்மையடைந்தது. 2001-ல் வெளியான முடிவு இது. மாதா கோயிலில் ஜெபமாலை உருட்டும் பாட்டியும், எத்தையம்மனை நினைத்துக் கண்மூடி நிற்கும் பாட்டியும் சாமி விஷயத்தில் ஒத்துப்போகாமல் இருக்கலாம். மூச்சு விஷயத்தில் ஒரே கட்சி.

பலன் எவ்வளவு என்று கேட்பீர்கள். இதயநோய் அபாயத்தைக் குறைப்பதில் தியானத்துக்குப் பங்கு இருக்கலாம், ஆனால் ஆதாரம் இன்னும் உறுதியாகவில்லை, வழக்கமான சிகிச்சையோடு சேர்த்துச் செய்யலாம் என்று அமெரிக்க இதயச் சங்கம் 2017-ல் அறிவித்தது. நான் சொல்வதும் அவ்வளவே. மாத்திரையை நிறுத்தும் அதிகாரம் தியானத்துக்குக் கிடையாது. கண்ணை மூடினால் பதற்றம் கூடுகிறவர்களும் உண்டு. அவர்கள் கண்ணைத் திறந்துகொண்டு நடக்கட்டும்.

நம்பிக்கைக்கும் உடம்பில் ஒரு வேதியியல் உண்டு. பல் பிடுங்கியவர்களுக்கு, மருந்தே இல்லாத ஊசியைப் போட்டாலும் சிலருக்கு வலி குறைகிறது. உடம்பு தானே சுரக்கும் அபின் போன்ற பொருள்களைத் தடுக்கும் நலாக்சோன் மருந்தைக் கொடுத்தபோது, அப்படிக் குறைந்த வலி மறுபடி ஏறியதாக 1978-ல் லெவின், கோர்டன், ஃபீல்ட்ஸ் ஆகியோர் காட்டினார்கள். எனவே அந்த ஆறுதல் பொய்யன்று. ஆயினும், நல்லது நடக்கும் என்று எதிர்பார்ப்பதும் நடந்துவிட்டதாகக் கனவு காண்பதும் ஒன்றல்ல. இடுப்பு மூட்டு மாற்றிக்கொண்டவர்களிடம் கேப்ரியல் ஓட்டிங்கன் செய்த ஆய்வில், குணமாவேன் என்று எதிர்பார்த்தவர்கள் நன்றாகத் தேறினார்கள்; துள்ளி நடப்பதாகக் கற்பனையில் திளைத்தவர்கள் அந்த அளவு தேறவில்லை. கற்பனையிலேயே ஊர் சுற்றி வந்தவருக்கு வலியோடு பத்தடி எடுத்து வைக்க மனம் வராது போலும்.

ஒன்றை மட்டும் கோபத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது. புற்றுநோயில் தளர்ந்து கிடந்த ஒருவரிடம், 'நீ மனசை விட்டுட்ட, அதான் இப்படி' என்று அவருடைய சொந்தத் தம்பியே சொன்னதை என் காதால் கேட்டேன். நோய் போதாதென்று குற்றவாளிப் பட்டமும். தலை, கழுத்துப் புற்றுநோய் கண்ட 1,093 பேரின் தரவுகளை ஆராய்ந்து ஜேம்ஸ் காய்ன் 2007-ல் வெளியிட்ட முடிவின்படி, அவர்களுடைய மனநிலைக்கும் எத்தனை நாள் உயிர்வாழ்ந்தார்கள் என்பதற்கும் தொடர்பு தென்படவில்லை. நோயாளிக்கு அழ உரிமை உண்டு. அழுதால் கட்டி வளராது.

அந்த இலை பறிக்கும் அம்மாவைப் பற்றி நான் இன்னும் சொல்லி முடிக்கவில்லை. வேறு நாள்களில் பார்த்தபோதும் அழுத்தம் கூடுதலாகவே இருந்ததால் மாத்திரை தொடங்கினேன். மூச்சை எண்ணி விடவும் சொல்லிக்கொடுத்தேன். அடுத்த மாதம் வந்தவரிடம் தினமும் தியானம் நடக்கிறதா என்று கேட்டேன். "அது தியானமா என்னன்னு தெரியாதுங்க டாக்டர். எடை போடற எடத்துல வரிசையில நிக்கும்போது மூச்சை எண்ணிட்டு நிப்பேன். முன்னெல்லாம் பின்னாடி நிக்கிறவகூட சண்டை போடுவேன்" என்றார். பட்டையைக் கட்டுவதற்குள் கம்பளியைத் தாமே கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.